நுண்ணோக்கிக் கூடத்து விஞ்ஞானி

பெரிய உயிரியல் நிறுவனங்களில் விலை உயர்ந்த நுண்ணோக்கிகளை ஆய்வகத்துக்கு ஒன்று என்று வாங்கிப் போடுவதில்லை. ஒரு கன்ஃபோக்கல் நுண்ணோக்கியின் விலையே கோடியைத் தாண்டும். சூப்பர் ரெசல்யூஷன், லைட் ஷீட் என்று போனால் அதற்கும் மேலே. அதனால் எல்லாவற்றையும் ஒரே கூடத்தில் வைத்து, மணிக்கணக்கில் நேரம் ஒதுக்கிக் கொடுக்கிறார்கள். பெங்களூரு என்.சி.பி.எஸ்., ஹைதராபாத் சி.சி.எம்.பி., புனே ஐசர் என எங்கும் இதே ஏற்பாடுதான்.

அந்தக் கூடத்தைப் பார்த்துக்கொள்பவரை வெளியாட்கள் 'மெஷின் ஆபரேட்டர்' என்று நினைத்துக்கொள்வார்கள். திங்கட்கிழமை பழ ஈயின் மூளை, செவ்வாய்க்கிழமை நெல் வேர், புதன்கிழமை மலேரியா ஒட்டுண்ணி என்று மாதிரிகள் மாறி மாறி வரும். எதை எந்தக் கருவியில் வைத்தால் கேள்விக்குப் பதில் கிடைக்கும், எதை எதில் வைத்தாலும் கிடைக்காது என்று சொல்ல வேண்டியவர் அவர்தான். அதற்கு இயற்பியல், உயிரியல், கணினி மூன்றும் வேண்டும். ஒன்றில் ஆழமும், மற்ற இரண்டில் அந்தத் துறைக்காரரோடு உட்கார்ந்து பேசும் அளவுக்குப் பிடிப்பும் இருந்தால் வேலையைத் தொடங்கிவிடலாம். மூன்றிலும் ஆழமானவரை நான் அதிகம் பார்த்ததில்லை.

ஸ்லைடை வாங்குவதற்கு முன்

மாணவர் பெரும்பாலும் ஸ்லைடைக் கையில் வைத்துக்கொண்டுதான் வருவார். "அக்கா, இந்த ரெண்டு புரோட்டீனும் ஒண்ணோட ஒண்ணு சேருதுன்னு காட்டணும். பளிச்சுன்னு ஒரு படம் எடுத்துக் குடுங்க" என்பார். ஒன்றுக்குப் பச்சை, இன்னொன்றுக்குச் சிவப்பு. இரண்டும் ஒன்றன்மேல் ஒன்று விழும் இடம் மஞ்சள். மஞ்சள் தெரிந்துவிட்டால் கட்டுரை முடிந்தது என்று யாரோ அவருக்குச் சொல்லியிருப்பார்கள்.

உடனே லேசரைப் போடாதீர்கள். ஒரு காகிதத்தை எடுத்துக் கணக்குப் போட்டுக் காட்டுங்கள். எர்ன்ஸ்ட் அபே 1873-இல் சொன்ன வரம்பு இது: லென்ஸின் நியூமரிக்கல் அப்பர்ச்சரை இரட்டிப்பாக்கி, அதனால் ஒளியின் அலைநீளத்தை வகுங்கள், வரும் விடையைவிட நெருங்கிய இரு புள்ளிகளைப் பிரித்துக் காண முடியாது. பச்சை ஒளிக்கு 510 நானோமீட்டர், நல்ல ஆயில் லென்ஸுக்கு 1.4 என்று போட்டால் 180 சொச்சம் வருகிறது. நடைமுறையில் 200 முதல் 250 என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆழவாக்கில் நிலைமை இன்னும் மோசம், 500 முதல் 700. விளக்குமாற்றால் புள்ளிக் கோலம் போட்டதுபோல, ஒளிரும் ஒவ்வொரு மூலக்கூறும் இந்த அளவுக்குப் பரவித்தான் படத்தில் விழுகிறது. ஜி.எஃப்.பி. என்ற ஒளிர் புரதத்தின் நீளமோ 4 நானோமீட்டரைச் சற்றே தாண்டும். ஒரு மஞ்சள் புள்ளி பிடிக்கும் கன அளவுக்குள் அப்படிப்பட்ட புரதங்களை லட்சக்கணக்கில் அடைக்கலாம். இரண்டு புரதங்களும் அந்தப் பகுதியில் இருக்கின்றன என்பதற்குத்தான் மஞ்சள் சாட்சி. அவை தொட்டுக்கொள்கின்றனவா என்பது அதற்குத் தெரியாது.

தொடுகின்றனவா என்று கேட்டால் வேறு வழிகள் உண்டு. ஃப்ரெட் என்ற முறையில் ஒரு சாயத்தின் ஆற்றல் பக்கத்துச் சாயத்துக்குத் தாவுகிறது. 10 நானோமீட்டருக்குள் இருந்தால்தான் அது நடக்கும். பிராக்ஸிமிட்டி லைகேஷன் முறை 40 நானோமீட்டர் வரை பிடிக்கும். சில நேரம் நுண்ணோக்கியே வேண்டாம். ஒரு புரதத்தை ஆன்டிபாடியால் இழுத்து, மற்றது கூடவே வருகிறதா என்று ஜெல்லில் பார்த்தால் ஒரு மாத வேலை மிச்சம். "இதற்கு எங்கள் கருவி தேவையில்லை" என்று சொல்லி அனுப்புவதும் கூடத்து விஞ்ஞானியின் வேலைதான். மாதாந்தர உபயோகக் கணக்கில் மட்டும் அது ஏறாது.

கேள்வியிலிருந்து முறைக்குப் போவது எப்படி என்பதற்கு என்.சி.பி.எஸ்.ஸில் சத்யஜித் மேயர் குழு செய்த வேலையைப் படிக்கச் சொல்வேன். செல்லின் வெளிச் சவ்வில் சில புரதங்கள் சிறு கூட்டங்களாகத் திரள்கின்றனவா என்று 1990-களில் பெரிய வாதம் நடந்துகொண்டிருந்தது. சாதாரணப் படத்தில் பார்த்தால் சவ்வு முழுக்க ஒரே சீரான ஒளிர்வு. மேயர் குழு படத்தின் கூர்மையைத் தேடிப் போகவில்லை. வெளிவரும் ஒளியின் முனைவாக்கத்தை அளந்தது. ஒரே வகைச் சாயங்கள் மிக நெருங்கி இருந்தால் ஆற்றல் ஒன்றிலிருந்து ஒன்றுக்குத் தாவி, முனைவாக்கம் குறையும். 1998-இல் அந்த வழியில் கூட்டங்கள் உண்டு என்று காட்டினார்கள். பிறகு 2004-இல் வந்த கட்டுரையில், ஒரு கூட்டத்தில் நான்குக்கு மேற்படாத மூலக்கூறுகள்தான் என்று கண்டார்கள். கண்ணுக்குத் தெரியவே தெரியாத ஒன்றை நுண்ணோக்கியால் அளந்த கதை இது.

ஆகவே கூடத்தில் பதிவுப் படிவம் இருந்தால் அதில் முதல் வரியாக இதைக் கேளுங்கள்: கடைசியில் வரையப் போகும் வரைபடத்தின் நெடுக்கு அச்சில் என்ன எழுதுவீர்கள்? ஒரு செல்லுக்கு எத்தனை புள்ளி, எத்தனை மைக்ரோமீட்டர், எத்தனை நிமிடம் என்று ஏதாவது ஒன்று அங்கே வர வேண்டும். பதில் சொல்ல முடியாதவருக்கு அன்றைக்கு நேரம் ஒதுக்க வேண்டாம். டீ வாங்கிக் கொடுத்துப் பேசி அனுப்புங்கள்.

லென்ஸின் மேல் எழுதியிருப்பது

புதிதாக வருபவர்கள் உருப்பெருக்கத்தைக் கேட்பார்கள். 100 மடங்கு என்றால் 60-ஐவிட நல்லது என்ற எண்ணம். லென்ஸின் உடம்பில் 60, அதன் பக்கத்தில் 1.4, கீழே 0.17 என்று பொறித்திருக்கும். நடுவில் இருப்பதுதான் நியூமரிக்கல் அப்பர்ச்சர்; கூர்மையும் வெளிச்சமும் அதைப் பொறுத்தவை. உருப்பெருக்கம் கேமராவோடு பொருந்த வேண்டும், அவ்வளவுதான். இன்றைய கேமராக்கள் பலவற்றில் ஒரு பிக்சல் 6.5 மைக்ரோமீட்டர். 60 மடங்கு லென்ஸில் அது மாதிரியின் மேல் 108 நானோமீட்டராக விழும், 100 மடங்கில் 65. பிரித்தறியக்கூடிய தூரத்தில் பாதிக்கும் குறைவாகப் பிக்சல் இருக்க வேண்டும் என்பது விதி. 60 விளிம்பில் நிற்கிறது. 100 வசதியாக இருக்கிறது, ஆனால் ஒளி அதிகப் பிக்சல்களில் பிரிந்து மங்கும். எதைக் கொடுத்து எதை வாங்குகிறோம் என்று இங்கேயே தொடங்கிவிடுகிறது.

மூன்றாவது எண்ணான 0.17-ஐ யாரும் பார்ப்பதில்லை. கவர்ஸ்லிப்பின் தடிமன் அது, மில்லிமீட்டரில். 'நம்பர் 1' என்று கடையில் கிடைக்கும் கவர்ஸ்லிப் 0.13 முதல் 0.16 வரை இருக்கும். லென்ஸ் எதிர்பார்ப்பது 'நம்பர் 1.5'. இந்தச் சில நூறில் ஒரு பங்கு மில்லிமீட்டர் வித்தியாசத்தில் படத்தின் ஓரம் கலங்கி, வெளிச்சம் குறைந்து, மாணவர் லேசரைக் கூட்டி, சாயம் வெளுத்து, கடைசியில் கருவியில் கோளாறு என்று புகார் வரும். கோடி ரூபாய்க் கருவியின் தரத்தைச் சில ரூபாய்க் கண்ணாடி தீர்மானிக்கிறது. கூடத்திலேயே நம்பர் 1.5 பெட்டி வாங்கி வைத்து, கேட்பவருக்கு எண்ணிக் கொடுங்கள். செலவு பெரிதில்லை.

பிளாஸ்டிக் தட்டில் செல் வளர்த்து நேராகக் கொண்டுவருபவர்கள் தனி ரகம். தட்டின் அடிப்பாகம் சுமார் 1 மில்லிமீட்டர். 1.4 ஆயில் லென்ஸோ கவர்ஸ்லிப்பைத் தாண்டி 0.13 மில்லிமீட்டர் அளவுக்குத்தான் எட்டும். ஃபோகஸ் கிடைப்பதற்கு முன்பே லென்ஸ் தட்டில் இடித்துவிடும். அடியில் கண்ணாடி பதித்த தட்டில் வளர்க்கச் சொல்லுங்கள்.

பாதி வேலை மாதிரியில்

கூடத்துக்கு வரும் புகார்களில் பெரும்பங்கு கருவியைப் பற்றியதே இல்லை, மாதிரியைப் பற்றியது. செல்லை ஃபிக்ஸ் செய்வது என்றால் உயிரை நிறுத்தி, உள்ளே இருப்பவற்றை இருந்த இடத்திலேயே பிடித்து வைப்பது. 4% பாராஃபார்மால்டிஹைடில் 10 அல்லது 15 நிமிடம் என்பது எல்லா ஆய்வகத்துக்கும் வாய்ப்பாடு. வாய்ப்பாடு எல்லாவற்றுக்கும் பொருந்தாது. மைக்ரோட்யூபூல்கள் குளிரில் கரைந்துவிடும். ஐஸில் வைத்த கரைசலை ஊற்றி ஃபிக்ஸ் செய்துவிட்டு, 'மருந்து கொடுத்ததால் மைக்ரோட்யூபூல் அழிந்தது' என்று முடிவுகட்டியவர்கள் உண்டு. கரைசலை 37 டிகிரிக்குச் சூடாக்கி ஊற்றச் சொல்லுங்கள். குளிர்ந்த மெத்தனால் சில ஆன்டிபாடிகளுக்கு மிக நல்லது. ஆனால் சவ்வுக் கொழுப்பைக் கரைத்துவிடும், ஆக்டின் இழைகளைக் காட்டும் ஃபல்லாய்டின் அதன்பிறகு ஒட்டாது, ஜி.எஃப்.பி.யின் ஒளிர்வும் போய்விடும். எதைப் பார்க்கப் போகிறோம் என்பது முடிவானால்தான் எதில் ஃபிக்ஸ் செய்வது என்று சொல்ல முடியும்.

கட்டுப்பாட்டு மாதிரி இல்லாமல் வருபவரைத் திருப்பி அனுப்பும் துணிச்சல் வேண்டும். சாயமே போடாத ஒரு ஸ்லைடு, முதல் ஆன்டிபாடி இல்லாமல் இரண்டாவது மட்டும் போட்ட ஒரு ஸ்லைடு, ஒவ்வொரு நிறமும் தனியாகப் போட்ட ஸ்லைடுகள் இருக்க வேண்டும். இலையைக் கொண்டுவந்து சிவப்பில் அற்புதமான ஒளிர்வு என்று மகிழ்பவருக்கு, பச்சையம் தானாகவே 680 நானோமீட்டர் பக்கம் ஒளிரும் என்பதைச் சாயமிடாத இலையில் காட்டினால் போதும், விளக்கமே தேவையில்லை. முதிர்ந்த திசுவில் லைப்போஃபியூசின் என்ற கழிவுத் துகள் எல்லா நிறத்திலும் மின்னும். பச்சைச் சாயத்தின் வால் சிவப்பு வடிகட்டிக்குள் கசிவது இன்னொரு பழைய பகை. இரண்டு லேசரையும் ஒரே சமயத்தில் போடாமல் ஒன்றன்பின் ஒன்றாகப் போட்டாலே பெரும்பகுதி ஒழியும்.

கருவைக் காட்டும் டாபி சாயத்தை எப்போதும் ஒருமுறை வெளிச்சத்தைக் கூட்டிப் பாருங்கள். கருவுக்கு வெளியே, சைட்டோபிளாசத்திலும் செல்லின் விளிம்பிலும், பொடிப்பொடியாகப் புள்ளிகள் தெரிந்தால் அந்தச் செல் வளர்ப்பில் மைக்கோபிளாஸ்மா தொற்று இருக்கலாம். அந்தச் செய்தியை ஆய்வகத் தலைவருக்குப் பக்குவமாகச் சொல்வது தனிக் கலை. ஆனால் அன்றே சொல்லிவிடுங்கள். அடுத்த வாரத்துக்குள் அதே அறையின் இன்குபேட்டரில் மற்றவர்களின் செல்களுக்கும் பரவியிருக்கும்.

உயிருள்ள செல்லும் ஒளியும்

உயிருள்ள செல்லைப் பார்க்கும்போது நாம் பாய்ச்சும் ஒளியே அதற்கு நஞ்சு. சாயம் வெளுப்பதை எல்லாரும் கவனிக்கிறார்கள், ஏனென்றால் அது படத்தில் தெரிகிறது. செல் நோகுவது படத்தில் சட்டென்று தெரியாது. மைட்டோகாண்டிரியா துண்டு துண்டாக உடையும், செல் விளிம்பு சுருங்கும், பிரியவேண்டிய செல் பிரியாமல் தயங்கி நிற்கும். அப்படி நோயுற்ற செல்லில் எடுத்த அளவுகளை இயல்பான உயிரியல் என்று அச்சிட்டால், அந்தத் தவறைப் பிறகு யாரும் எளிதில் கண்டுபிடிக்கவும் முடியாது.

இதற்கு ஒரு நேர்மையான சோதனை உண்டு. ஒரே தட்டில் ஒரு பகுதிக்கு ஒளி பாய்ச்சிப் படமெடுங்கள், பக்கத்துப் பகுதியைத் தொடாமல் விடுங்கள். ஹீலா செல் பிரிவதற்குச் சுமார் ஒரு மணி நேரம் எடுக்கும். ஒளி பட்ட பக்கத்தில் அது நீண்டுகொண்டே போனால் உங்கள் அமைப்பு செல்லை வதைக்கிறது. லேசரைப் பாதியாக்குங்கள், இடைவெளியைக் கூட்டுங்கள், 405 நானோமீட்டர் ஊதா ஒளியை முடிந்தவரை தவிருங்கள். படம் கரகரவென்று இருக்கும், இருக்கட்டும். அளக்கத் தேவையான அளவு தெரிந்தால் போதும். அட்டைப்படத்துக்குரிய அழகு உயிருள்ள செல்லிடம் கேட்கக்கூடாத வரி.

லைட் ஷீட் நுண்ணோக்கியின் மதிப்பு இங்கேதான். மற்ற கருவிகள் ஒரு தளத்தைப் பார்க்க மாதிரி முழுவதையும் ஒளியால் துளைக்கின்றன. லைட் ஷீட்டில் ஒளி பக்கவாட்டில் மெல்லிய தகடாக வந்து, பார்க்கும் தளத்தை மட்டும் தொடுகிறது. ஹைடல்பர்க்கில் உள்ள ஐரோப்பிய மூலக்கூறு உயிரியல் ஆய்வகத்தினர் 2004-இல் இதைக் கருவளர்ச்சிக்குப் பயன்படுத்திக் காட்டிய பிறகு, மீன் கரு வளர்வதை நாள்கணக்கில் பார்ப்பது வழக்கமான வேலையாகிவிட்டது. 37 டிகிரி, 5% கார்பன் டை ஆக்சைடு, ஈரப்பதம் மூன்றும் நிலைப்பட சில மணி நேரம் ஆகும் என்பதை மட்டும் மறக்க வேண்டாம். காலை பத்து மணிக்குப் பரிசோதனை என்றால் விடியற்காலையிலேயே சூடேற்ற ஆரம்பிக்க வேண்டும்.

சூப்பர் ரெசல்யூஷன் யாருக்கு?

அபே போட்ட வேலியைத் தாண்டிய மூவருக்கு 2014-இல் வேதியியல் நோபல் கிடைத்தது: எரிக் பெட்சிக், ஸ்டெஃபான் ஹெல், வில்லியம் மோர்னர். பெட்சிக்கின் கதையை மாணவர்களுக்கு நான் விரும்பிச் சொல்வேன். பெல் ஆய்வகத்தை விட்டு விலகி, தந்தையின் இயந்திரக் கருவி நிறுவனத்தில் சில ஆண்டுகள் வேலை பார்த்தவர் அவர். திரும்பி வந்து, நண்பர் ஹரால்ட் ஹெஸ்ஸோடு சேர்ந்து, ஹெஸ்ஸின் வீட்டு வரவேற்பறையில் பாம் என்ற சூப்பர் ரெசல்யூஷன் நுண்ணோக்கியைக் கட்டினார். ஆனால் அது வேலை செய்ததற்குக் காரணம், வெளிச்சம் பட்டால் விழித்துக்கொள்ளும் ஜி.எஃப்.பி.யை ஜார்ஜ் பாட்டர்சனும் ஜெனிஃபர் லிப்பின்காட்-ஷ்வார்ட்ஸும் 2002-லேயே உருவாக்கி வைத்திருந்தது. ஒளியியல்காரர்கள் கட்டிய கருவிக்கு உயிரியல்காரர்களின் புரதம் உயிர் கொடுத்தது. 2006-இல் கட்டுரை வந்தது.

கூடத்துக்கு வருபவர்களில் எத்தனை பேருக்கு இது தேவை? என் கணிப்பில், கேட்பவர்களில் பெரும்பாலோருக்குத் தேவையில்லை. நல்ல மாதிரியும் நன்றாகச் சீர்செய்த கன்ஃபோக்கலும் போதும். உண்மையில் தேவைப்படுபவருக்குச் சிம் முறை சுமார் 100 முதல் 120 நானோமீட்டர் வரை கொண்டுபோகும், உயிருள்ள செல்லுக்கும் ஒத்துவரும். ஸ்டெட் 30 முதல் 50. ஆனால் லேசரின் உக்கிரம் அதிகம். பாம், ஸ்டார்ம் முறைகளில் 20 முதல் 30. ஒரு படத்துக்கு ஆயிரக்கணக்கான பிரேம்கள் எடுக்க வேண்டும், செல் அசையக்கூடாது. மாதிரியையே ஜெல்லில் ஊறவைத்து நாலு மடங்குக்கு மேல் வீங்க வைக்கும் எக்ஸ்பான்ஷன் முறை 2015-இல் வந்தது. டயப்பரில் நீரை உறிஞ்சும் அதே வகைப் பாலிமர்தான். புதுக் கருவி வாங்கப் பணமில்லாத கல்லூரிகளுக்கு நான் முதலில் பரிந்துரைப்பது இதை.

ஓர் எச்சரிக்கை. ஆன்டிபாடி ஒன்றின் நீளம் சுமார் 10 நானோமீட்டர். முதல் ஆன்டிபாடியின் மேல் இரண்டாவதைப் போட்டால், சாயம் உண்மையான புரதத்திலிருந்து 20 நானோமீட்டர் வரை தள்ளி நிற்கலாம். 20 நானோமீட்டர் கூர்மையுள்ள கருவியில் அதை வைத்து, இரண்டு புரதங்களுக்கு நடுவே இடைவெளி கண்டேன் என்று சொல்பவர் ஆன்டிபாடியைத்தான் அளந்திருக்கிறார்.

கருவியைப் பேணுவது

எண்ணெயில்லாமல் பார்க்கும் லென்ஸில் எண்ணெய் பூசிவிடுவது எந்தக் கூடத்திலும் வாராவாரம் நடக்கும் விபத்து. யாரையும் திட்டாதீர்கள். திட்டினால் அடுத்தவர் சொல்லாமல் போய்விடுவார், எண்ணெய் காய்ந்து உள்ளே இறங்கிவிடும். 'எண்ணெய் பட்டால் எந்த நேரமும் அழையுங்கள்' என்று கைப்பேசி எண்ணை ஒவ்வொரு கருவியிலும் ஒட்டி வையுங்கள். துடைக்க லென்ஸ் டிஷ்யூ மட்டும்தான்.

நம் கடலோர ஊர்களில் இன்னொரு எதிரி, பூஞ்சை. ஈரக்காற்றில் லென்ஸின் பூச்சின்மேல் அது சிலந்தி இழைபோல் படரும். வந்துவிட்டால் பூச்சே அரிக்கப்பட்டுவிடும். இரவில் ஏ.சி.யை அணைத்து மின்சாரம் மிச்சம் பிடிக்கும் நிர்வாகத்தோடு சண்டை போட வேண்டிய இடம் இது. அறையின் வெப்பம் ஏறி இறங்கினால் ஃபோகஸும் நகரும் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். பழுதான லென்ஸின் விலைப்பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு பேசினால் காதில் விழும்.

மாதம் ஒருமுறையாவது, 100 நானோமீட்டர் ஒளிர் மணிகளைப் படமெடுத்து அவை எந்த வடிவில் பரவுகின்றன என்று பதிந்து வையுங்கள். லென்ஸின் முனையில் லேசரின் திறனை மீட்டரில் அளந்து எழுதுங்கள். திரையில் 10% என்று காட்டுவது போன ஆண்டின் 10% ஆக இருக்காது, லேசருக்கும் வயதாகிறது. 2020-இல் தொடங்கிய குவாரெப்-லிமி என்ற சர்வதேசக் குழு இந்த அளவைகளுக்குப் பொது நெறிகளை வகுத்து வருகிறது. அவற்றைப் பின்பற்றினால் உங்கள் எண்ணை வேறு ஊரின் எண்ணோடு ஒப்பிடலாம்.

படம் என்பது எண்களின் அட்டவணை

12 பிட் படத்தில் 4,096 படிகள், 16 பிட்டில் 65,536. அதை ஜேபெக் ஆக்கிய கணமே 256 படிகளாகச் சுருங்கி, அக்கம்பக்கத்துப் பிக்சல்கள் கலந்துவிடும். மூலக் கோப்பைத் தொடாமல் வைக்க வேண்டும். வெளிச்சம் உச்சத்தைத் தொட்டு வெட்டுப்பட்ட பிக்சல்களிலிருந்து எந்த அளவையும் எடுக்க முடியாது. எடுக்கும்போதே உச்சத்துக்குக் கீழே நிறுத்துங்கள்.

பகுப்பாய்வுக்கு ஃபிஜி என்ற மென்பொருள் இலவசம். செல்களின் எல்லையை வரைய 2021-இல் வந்த செல்போஸ் போன்ற கற்றல் நிரல்கள் வியக்க வைக்கும் வேலையைச் செய்கின்றன. ஆனால் கண்ணால் எண்ணிய சில படங்களோடு ஒப்பிடாமல் நிரலின் எண்ணை அப்படியே நம்பாதீர்கள். எந்தத் தட்டில் மருந்து என்று தெரியாமல் கோப்புகளுக்குக் குறியீட்டுப் பெயர் வைத்துவிட்டு எண்ணுங்கள். மூன்று பரிசோதனைகளில் தலா நூறு செல் எண்ணினால் மாதிரி எண்ணிக்கை மூன்றே. முந்நூறு என்று போட்டு புள்ளியியலில் நட்சத்திரம் வாங்குவது இந்தத் துறையின் பரவலான நோய்.

படத்தைத் திருத்துவது பற்றி ஒளிவுமறைவில்லாமல் பேச வேண்டும். எலிசபெத் பிக் குழுவினர் 20,621 கட்டுரைகளின் படங்களைக் கண்ணால் பார்த்து 2016-இல் வெளியிட்ட ஆய்வில், 3.8% கட்டுரைகளில் ஐயத்துக்குரிய படங்கள் இருந்தன. அவற்றில் பாதியிலாவது வேண்டுமென்றே செய்ததற்கான அறிகுறி தெரிந்தது. வெளிச்சத்தையும் மாறுபாட்டையும் படம் முழுவதற்கும், ஒப்பிடும் எல்லாப் படங்களுக்கும் ஒரே மாதிரி மாற்றலாம். ஒரு மூலையை மட்டும் மாற்றக்கூடாது. "பின்னணியில ஒரு புள்ளி நிக்குது, அதை மட்டும் எடுத்துடுங்களேன்" என்று யாராவது கேட்டால், முடியாது என்று எழுத்தில் பதில் அனுப்புங்கள். கேட்டவர் பேராசிரியராக இருந்தாலும் அதே பதில்தான்.

வேலைக்கு வரும் வழி

உயிரியல், இயற்பியல், மின்னணுப் பொறியியல் எதைப் படித்திருந்தாலும் வாசல் உண்டு. முனைவர் பட்டத்தின் வழியே வருவோர் அதிகம். சி.எஸ்.ஐ.ஆர். நெட் தேர்வோ டி.ஐ.எஃப்.ஆர். நுழைவுத் தேர்வோ எழுதலாம். இளநிலை ஆய்வாளர் உதவித்தொகை 2023 ஜனவரி முதல் மாதம் 37,000 ரூபாய். முனைவர் பட்டம் இல்லாமல் திட்ட உதவியாளராகக் கூடத்தில் சேர்ந்து கற்றுக்கொண்டவர்களும் இருக்கிறார்கள். ஸைஸ், லைக்கா, நிகான், எவிடென்ட் போன்ற நிறுவனங்கள் தங்கள் கருவியைப் பயிற்றுவிக்க ஆட்களை எடுக்கின்றன. பயணம் அதிகம், சம்பளம் பரவாயில்லை, கருவிகளின் உள்விவரம் அங்கேதான் கைவரும். என்.சி.பி.எஸ். நடத்தும் பெங்களூரு மைக்ராஸ்கோப்பி கோர்ஸுக்கு விண்ணப்பியுங்கள். பண உதவி கிடைத்தால் அமெரிக்காவின் உட்ஸ் ஹோல், கோல்ட் ஸ்பிரிங் ஹார்பர் வகுப்புகளுக்கும் முயலலாம். உங்கள் ஊரில் கருவி இல்லையென்றால் ஐ-ஸ்டெம் தளத்தில் தேடினால், நாடெங்கும் பொதுப் பயன்பாட்டுக்குத் திறந்திருக்கும் கருவிகளைக் காணலாம்.

கசப்பையும் சொல்லிவிடுகிறேன். நம் நாட்டில் இந்தப் பதவிகள் பல, திட்ட ஒப்பந்தத்தில் ஓடுபவை. பணம் நின்றால் ஆளும் நிற்க வேண்டியதுதான். ஆய்வுத் திட்டத்தையே வடிவமைத்துக் கொடுத்தாலும் கட்டுரையின் கடைசியில் நன்றி என்ற ஒரு வரியோடு முடித்துவிடுபவர்கள் உண்டு. இதற்குத் தீர்வு, முதல் சந்திப்பிலேயே பேசிவிடுவது. கருவியைக் காட்டிக் கொடுத்தால் நன்றி போதும்; பரிசோதனையை வடிவமைத்தாலோ பகுப்பாய்வு நிரலை எழுதினாலோ ஆசிரியர் பட்டியலில் இடம் வேண்டும் என்று கூடத்தின் விதியாகவே எழுதி வையுங்கள். தனி ஆளாகக் கேட்டால் முகம் சுளிப்பார்கள். விதி என்றால் கையெழுத்துப் போடுவார்கள்.

கருவியே கைக்கு எட்டாத ஊரில் இருந்தால் ஃபிஜியை இறக்கிக்கொள்ளுங்கள். இமேஜ் டேட்டா ரிசோர்ஸ், பயோ இமேஜ் ஆர்க்கைவ் என்ற பொதுக் களஞ்சியங்களில் உண்மையான ஆய்வுப் படங்கள் மூலக் கோப்புகளாகவே இலவசமாகக் கிடைக்கின்றன. ஒன்றை எடுத்து, கருக்களை எண்ணி, ஒவ்வொன்றின் பரப்பையும் அளந்து, ஒரு வரைபடம் போடுங்கள். செய்த ஒவ்வொரு படியையும் ஒரு சிறு மேக்ரோவாக எழுதுங்கள். வேலைக்கு விண்ணப்பிக்கும்போது வண்ணப் படங்களின் தொகுப்பை அனுப்ப வேண்டாம். அந்த வரைபடம், அந்த மேக்ரோ, மூலக் கோப்பின் சுட்டி மூன்றையும் அனுப்புங்கள். நேர்காணலில் நாங்கள் முதலில் திறப்பது மூலக் கோப்பைத்தான்.